கத்தியின் கழுத்தில் ஒரு புள்ளி

நவம்பர் 4, திங்கள்

தீபாவளி விடுமுறை முடிந்து இன்றுதான் பட்டறை திறந்தோம். ஆளுக்கொரு மிக்சர் டப்பா கொண்டுவந்திருந்தார்கள். அதைப் பிரிப்பதற்குள் உடுமலைக் கோழிக்கறி ஆலையிலிருந்து இதயத்துல்லா போன். அங்கே மெஷின்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. எப்போதும் "என்னக்கா, கறி திங்காத கை வரஞ்ச கத்தி எப்படித்தான் இந்த வெட்டு வெட்டுதோ" என்று கேலியோடு ஆரம்பிக்கிறவர், இன்று எடுத்த எடுப்பிலேயே "உங்க கத்தி ஒண்ணு ஓட்டத்துல ஒடஞ்சுபோச்சுக்கா" என்றார்.

கைமா மெஷின் கத்தி. பெரிய வட்டச் சட்டியில் கறி மெதுவாகச் சுற்றி வரும். அதற்குள் அரிவாள் போல வளைந்த ஆறு கத்திகள் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்றும். அந்த வளைவை வரைவதும், செய்து முடித்த கத்தியைச் சோதித்து அனுப்புவதும் என் வேலை. வளைவு பிசகினால் கத்தி கறியை அறுக்காது, அடிக்கும். அடித்தால் கறி சூடாகி, கொழுப்பு உருகி, கைமா கஞ்சியாகிவிடும். என் கத்தியில் இதுவரை கஞ்சியானதில்லை, ஒடிந்ததும் இல்லை.

ஒடிந்த துண்டு மூடியைப் பொத்துக்கொண்டு வந்து மரியபுஷ்பம் என்கிற பெண்ணின் தோளைக் கிழித்திருக்கிறது. தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். "கொஞ்சம் மேல போயிருந்தா கழுத்துக்கா" என்றார் இதயத்துல்லா. அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்க்கிறார். பைக்கிலிருந்து விழுந்து, கால் ஒடிந்து, கட்டுப் போட்டுப் படுத்ததிலிருந்து அந்த டிவிக்கு ஓய்வே இல்லை.

"கோழிக்கொழம்பு வெச்சுத் தர்றியா துளசி?"

"இன்னைக்கு அந்தப் பேச்சையே எடுக்காதீங்க."

பட்ட காலிலே படும் என்பது சும்மா இல்லை.

நவம்பர் 5, செவ்வாய்

ஒடிந்த துண்டுகள் வந்து சேர்ந்தன. முதலாளி சென்னியப்பன் அண்ணன் மேசையில் செய்தித்தாளை விரித்து அதன்மேல் வைத்துப் பார்த்தார். அவருக்கு லேத் தெரியும், கிரைண்டிங் தெரியும், ஆளை வேலை வாங்கத் தெரியும். இரும்புக்குள்ளே என்ன நடக்கிறது என்று மட்டும் தெரியாது. தெரியாது என்று ஒத்துக்கொள்ளவும் தெரியாது.

"சூடு போட்டதுல கோளாறு அம்மிணி. வேறென்ன? அன்னைக்கு ஃபர்னஸ்ல யாரு?"

"ராக்கிமுத்துங்க."

"அப்பறம் என்ன? அவந்தான்."

"இருக்கலாமுங்க" என்றேன்.

கத்தி ஒடிந்தால் எல்லோரும் முதலில் ஃபர்னஸைத்தான் பார்ப்பார்கள். தகட்டை வளைவாக வெட்டிய பிறகு, செக்கச்சிவக்கச் சூடாக்கி எண்ணெயில் முக்கினால்தான் கூர் நிற்கும். உள்ளே இருக்கவேண்டிய நேரத்துக்கு மேல் இருந்துவிட்டால் இரும்புக்குள்ளே இருக்கிற பொடி மணிகள் பருத்துவிடும். அப்புறம் அது இரும்பில்லை, கருப்பட்டி மாதிரி ஒடியும். அதனால் ஃபர்னஸ் பக்கத்தில் இருக்கிறவன் கண் அசரக்கூடாது. சூட்டைத் தாளில் கோடு போட்டுக் காட்டும் பெட்டி ஒன்று இருந்தது, கெட்டுப்போய் வருடக்கணக்காகிறது. வாங்கலாம் வாங்கலாம் என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

ராக்கிமுத்து டீ குடிப்பது கூட ஃபர்னஸைப் பார்த்தபடிதான். நான் 'இருக்கலாம்' என்றுதான் சொன்னேன், 'ஆமாம்' என்று சொல்லவில்லை.

நவம்பர் 6, புதன்

ஒடிந்த கத்தியில் கடினம் அளந்து பார்த்தேன், சூடு சரியாகப் பட்டதா என்று அது சொல்லும். ஐம்பத்தைந்து. வரைபடத்தில் நான் எழுதியதும் ஐம்பத்தைந்துதான். நாளை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

நவம்பர் 7, வியாழன்

இன்னொரு தடவை பார்த்தேன். அதேதான். மணி பருத்திருந்தாலும் கடினம் சரியாகக் காட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்யில்லை, காட்டும்.

மத்தியானம் அண்ணன் ராக்கிமுத்துவை அறைக்குக் கூப்பிட்டார். என்னையும் உட்கார வைத்தார்.

"அன்னைக்குத் தூங்கினியா?"

"இல்லீங்க."

"நல்லா நெனச்சுப் பாரு."

"இல்லீங்களே."

"அன்னைக்கு உன்ற புள்ளைக்குக் காச்சல்னு சொன்னீல்ல? மொத நாளு ராத்திரி பூராம் ஆஸ்பத்திரில நின்னேன்னு சொன்னீல்ல?"

"ஆமாங்க."

"ராத்திரி பூராம் முழிச்சவன், அடுத்த நாளு அந்தச் சூட்டுக்குப் பக்கத்துல உக்காந்து எப்படிடா தூங்காம இருந்திருப்பே? நாயமாச் சொல்லு."

ராக்கிமுத்து என்னைப் பார்த்தான். எதற்குப் பார்க்கிறான் என்று தெரிந்தும் நான் மேசையிலிருந்த வெர்னியர் அளவுகோலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் அதே கேள்வியை விதவிதமாகத் திருப்பிக் கேட்டார். கோபமாகக்கூட இல்லை, பாசமாகத்தான் கேட்டார். கடைசியில் அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "கண்ணசந்திருப்பனாட்ட இருக்குதுங்க" என்றான்.

"பாத்தீங்களா அம்மிணி" என்றார் அண்ணன்.

எனக்குத் தலைவலி. சீக்கிரம் வந்துவிட்டேன். வருகிற வழியில் வீட்டுக்காரருக்கு மாத்திரை வாங்க மறந்து, பாதி தூரம் திரும்பிப் போனேன்.

நவம்பர் 8, வெள்ளி

ஒடிந்த முகத்தைப் பெரிய லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது.

மணி பருத்திருந்தால் ஒடிந்த இடம் கற்கண்டு உடைத்த மாதிரி மினுங்கும். இது மினுங்கவில்லை. நயமாக, சாம்பல் நிறத்தில் இருக்கிறது. அதில் வளையம் வளையமாகக் கோடுகள், தண்ணீரில் கல் போட்டால் விரிகிற மாதிரி. எல்லா வளையமும் ஒரு புள்ளியிலிருந்து கிளம்புகின்றன. கத்தியின் கழுத்தில், போல்ட் மாட்டும் பள்ளத்தை ஒட்டி, கடுகைவிடச் சின்னதாக ஒரு கறுப்புக் குழி. கத்திக்கு முழு பாரமும் அந்தக் கழுத்தில்தான். அங்கே ஒரு குழி விழுந்தால் போதும், ஓட ஓட விரிசல் தானாக வளரும்.

ஃபர்னஸில் குழி விழாது. குழி விழுந்தால் அது துரு. இந்த ஸ்டீல் சுலபத்தில் துருப்பிடிக்காது.

மெஷின் பழையது. அங்கே காஸ்டிக் சோடா ஊற்றிக் கழுவுகிறார்கள். என்னென்னவோ ஊற்றுகிறார்கள். இப்போதைக்கு யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் ஊரில் இல்லை.

நவம்பர் 9, சனி

அண்ணன் ஊரில்தான் இருந்திருக்கிறார். ராக்கிமுத்துவைக் காலையிலேயே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் அவன் வீடு தேடி வந்தான், பையில் ஆப்பிளோடு. கால் ஒடிந்தவரைப் பார்க்க வருகிற மாதிரி வந்து, அவரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு, சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, மன்னிச்சுப்போடுங்க. உங்க பேரையுமல்ல கெடுத்துப்போட்டேன்."

"என்ன பேச்சு தம்பி இது."

"அந்தப் பொண்ணு தோளுல தையல் போட்டுருக்குதாமா. எனக்குச் சோறே எறங்கலீங்க. நெனச்சு நெனச்சுப் பாத்தா இப்ப எல்லாம் ஞாபகம் வருதுங்க. சேர்ல சாஞ்சனுங்க. கண்ணு சொருகுச்சுங்க. முழிச்சுப் பாத்தா திடுக்குன்னு ஆயிருச்சு."

நான் உப்புமாவைக் கிண்டிக்கொண்டிருந்தேன். அடிப்பிடித்துவிடும் என்று அதையேதான் பார்த்தேன். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். வேண்டாம் என்று போய்விட்டான்.

"பாவம் அவன். நல்ல பையன்" என்றார் வீட்டுக்காரர். எனக்கு எரிச்சலாக வந்தது. உப்புமாவில் உப்பில்லை என்று வேறு சொன்னார்.

நவம்பர் 11, திங்கள்

அதே தகட்டில், அதே நாளில் செய்த இன்னொரு செட் கத்தி ஸ்டோரில் இருக்கிறது. எண்ணெய்த் தாளைப் பிரித்துப் பார்த்தேன். துடைத்துப் பாலீஷ் போட்டதில் பளபளவென்றுதான் இருந்தது. சாய்த்து, ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டினால் மட்டும் ஒவ்வொரு கழுத்திலும் மங்கலாக ஒரு பழுப்பு நிழல். லென்ஸில் பார்த்தால் நிழலுக்குள் புள்ளிகள்.

எல்லா நிழலும் வட்டமாக இருக்கிறது, ஒரே அளவில். எது வேண்டுமானாலும் பட்டிருக்கலாம்.

ஃபர்னஸுக்குப் புது ஆள் வந்திருக்கிறான். போனைப் பார்த்தபடியே வேலை செய்கிறான்.

நவம்பர் 12, செவ்வாய்

சமைக்கவில்லை. கடையில் இட்லி.

நவம்பர் 13, புதன்

அதே ஸ்டீலில் ஒரு துண்டை வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஒரு எலுமிச்சம்பழத்தை இரண்டாக நறுக்கி, குங்குமம் தடவி, கல்லுப்பு தூவி, துண்டின்மேல் கவிழ்த்து வைத்தேன். யார் கண்ணிலும் படக்கூடாது என்று கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

கட்டிலில் இருக்கிறவர் கண்ணில் படாமல் போகுமா.

"என்ன துளசி, அடியில எலுமிச்சம்பழம்? எனக்கே செய்வின வெக்கறியா?"

"ஆமா. ஒடிஞ்ச காலுக்குப் புதுசா வேற செய்வின வேணுமாக்கும்."

அவர் சிரித்தார். நானும் சிரித்திருக்கலாம். சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 16, சனி

எடுத்துப் பார்த்தேன். பழத்தை எடுத்துத் துடைத்தால் வட்டமான பழுப்பு நிழல். லென்ஸில் புள்ளிகள்.

எழுதிவிடுகிறேன். ஆயுத பூசைக்கு எங்கள் பட்டறையில் வழக்கமாக மெஷினுக்கு மெஷின் பொட்டு வைப்போம், எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் காலடியில் தரையில் வைப்போம். செய்து முடித்த கத்தியின்மேல் எதையும் வைப்பதில்லை. இந்த வருடம் நான் வைத்தேன். அப்போது வீட்டுக்காரர் பைக்கிலிருந்து விழுந்து நாலு வாரம்கூட ஆகவில்லை. லாரிச் சக்கரம் அவர் தலைக்கு ஒரு சாண் தள்ளிப் போனதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதிலிருந்து எனக்கு எதைப் பார்த்தாலும் பயம். உடுமலைக்குப் போகிற பன்னிரண்டு கத்திகளையும் வாழையிலையில் வரிசையாகப் படுக்க வைத்து, யாருக்கும் எந்த ஆபத்தும் வந்துவிடக் கூடாது சாமி என்று வேண்டிக்கொண்டு, ஒவ்வொரு கழுத்திலும் குங்குமம் தடவிய அரைமூடிப் பழம் கவிழ்த்தேன். எங்கள் வீட்டில் திருஷ்டிக்கு உப்புச் சேர்ப்போம், அதையும் சேர்த்தேன். கழுத்து அகலமான இடம், அங்கேதான் பழம் உருளாமல் நின்றது. வெள்ளிக்கிழமை பூசை, திங்கட்கிழமைதான் கதவு திறந்தோம். சோதனை எல்லாம் பூசைக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. திங்கட்கிழமை கறையைப் பார்த்தேன், பாலீஷ் போடச் சொன்னேன், போனது, எண்ணெய் தடவிக் கட்டினேன்.

உப்பும் புளிப்பும் இந்த ஸ்டீலுக்கு ஆகாது என்று யாருக்குத் தெரியுமோ இல்லையோ, எனக்குத் தெரியும். அதைச் சொல்லித்தான் வாங்குகிறவர்களுக்குக் கழுவும் முறையே எழுதித் தருகிறேன். பூசையன்று அது ஞாபகத்துக்கு வரவே இல்லை. அது பூசை, இது ஸ்டீல். இரண்டும் என் தலையில் வேறு வேறு அறையில் இருந்திருக்கின்றன.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் டிவியை நிறுத்தினார்.

"எனக்காகவா வெச்சே?"

"உங்களுக்காக இல்ல. எல்லாருக்காகவும்."

"அந்தப் பையன்கிட்டச் சொல்லீட்டியா?"

நான் எழுந்து பழத்தைக் குப்பையில் போட்டேன். அவர் மறுபடி டிவியைப் போடவில்லை, அதுவே திட்டு வாங்கின மாதிரி இருந்தது.

நவம்பர் 18, திங்கள்

அண்ணனிடம் சொன்னேன். துண்டையும் லென்ஸையும் மேசையில் வைத்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். கதவைச் சாத்தினார்.

"இதை வேற யார்கிட்டச் சொன்னீங்க?"

"வீட்டுல மட்டுமுங்க."

"அதோட உடுங்க. அம்மிணி, ஆளு தூங்கிட்டான்னு சொன்னா எந்தக் கம்பெனியிலயும் நடக்கறதுதான்னு உட்டுருவாங்க. எலுமிச்சம்பழம் வெச்சு ஒடஞ்சுதுன்னு எழுதிக் குடுத்தா நம்மளை மனுசனா மதிப்பானா? கத்திப் பட்டறையா பூசாரிக் கூடமான்னு கேப்பான்."

"ராக்கிமுத்து என்னங்க பண்ணுவான்?"

"அவனே தூங்கினேன்னு ஒத்துக்கிட்டானல்ல. நானா சொல்லச் சொன்னேன்?"

அவர்தான் சொல்லச் சொன்னார். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து வெர்னியர் துடைத்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"ஸ்டோர்ல இருக்கற செட்டை ஒடச்சுப்போடறேனுங்க" என்றேன். அதற்கு மட்டும் தலையாட்டினார். ஆறு கத்தியையும் நானே நின்று வெட்டிப் பழைய இரும்பில் போட வைத்தேன். ஆலையில் இருக்கிற மீதி ஐந்தையும் ஓட்ட வேண்டாம், கழற்றி வையுங்கள் என்று இதயத்துல்லாவுக்கு போன் செய்தேன். ஏன் என்று கேட்டார். எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

நவம்பர் 20, புதன்

எழுதி அனுப்பிவிட்டேன். அண்ணனைக் கேட்கவில்லை. ஒடிந்த முகத்தின் படம், சோதனைத் துண்டின் படம், என்ன வைத்தேன், யார் வைத்தது, எல்லாம். கையெழுத்து துளசிமணி.

இதயத்துல்லா சாயங்காலம் கூப்பிட்டார். கேலி செய்வார் என்று நினைத்தேன்.

"இங்கயும் பூசைக்கு எல்லா மெஷினுக்கும் பொட்டு வெக்கறாங்கக்கா. நாந்தான் பொரியும் கடலையும் வாங்கித் தர்றேன். அடுத்த தடவை எதுக்கு மேல வெக்கக்கூடாதுன்னு நீங்களே எழுதிக் குடுத்துருங்க." பிறகு, "மரியபுஷ்பம்கிட்டச் சொல்லட்டுமா?" என்றார்.

"நானே வந்து சொல்றனுங்க" என்றேன்.

நவம்பர் 21, வியாழன்

அண்ணனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. ராக்கிமுத்துவைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று சொல்லப் போனேன். போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். எதிர்முனையில் யாரும் இருந்த மாதிரி தெரியவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

காலையில் ராக்கிமுத்து வீட்டுக்குப் போனேன். கணபதி ஏரியாவில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு. எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரு குழாய். தண்ணீர் வருகிற நேரம், பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். அவன் பெண்டாட்டி காஞ்சனாவும் நின்றிருந்தாள்.

"வாங்க்கா. தூங்கறாருங்க. மில்லுல வாட்ச்மேனாச் சேந்துட்டாரு, இப்பத்தான் டூட்டி முடிஞ்சு வந்தாரு."

"வாட்ச்மேன் வேலையாச்சும் முழிச்சிருந்து பாக்கறாராமா?" என்றாள் குடத்தோடு நின்ற ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். புதிதாகச் சிரித்த மாதிரி இல்லை. காஞ்சனா குடத்தை நகர்த்தி வைத்தாள்.

"உள்ள வாங்க்கா, டீ வெக்கறேன்."

"இல்ல கண்ணு. இங்கயே சொல்லீட்டுப் போறேன்."

குழாயடியிலேயே நின்று சொன்னேன். அவன் தூங்கவில்லை என்று சொன்னேன். எலுமிச்சம்பழம், உப்பு, கழுத்து, புள்ளி எல்லாம் சொன்னேன். வைத்தது நான் என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். குடம் நிரம்பி வழிந்தது, யாரும் மாற்றவில்லை.

காஞ்சனா உள்ளே போய் அவனை எழுப்பி வந்தாள். கண் சிவந்து, சட்டையை மாட்டிக்கொண்டே வந்தான். அவனிடம் மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

"அப்ப நான் தூங்கலீங்களா?"

"தூங்கல தம்பி."

அவன் தலையை ஆட்டினான்.

"இல்லீங்க்கா. தூங்கினேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுங்க. சேர்ல சாஞ்சது, திடுக்குன்னு முழிச்சது, எல்லாம் அப்படியே கண்ணு முன்னால நிக்குது."

"அது உன்னையக் கேட்டுக் கேட்டு வரவெச்சது. தூங்கியிருந்தா அந்த இரும்புல தெரிஞ்சிருக்கும். மணி மணியாப் பொரிஞ்சிருக்கும். நான் பாத்தேன் தம்பி. அதுல ஒண்ணுமே இல்ல."

கைப்பையிலிருந்து துண்டை எடுத்து லென்ஸோடு நீட்டினேன். அவன் வாங்கவில்லை. இரண்டு கையையும் கூப்பிவிட்டான்.

"நீங்க நெம்பப் பெரிய மனசுக்காரருங்க்கா. எனக்கோசரம் பழியத் தூக்கி உங்க தலையில போட்டுக்கறீங்க. வேண்டாமுங்க. இந்த வயசுல நீங்க எதுக்கு வேலையக் கெடுத்துக்கோணும்?"

"தம்பி, நான்தான் வெச்சேன்."

"சரிங்க்கா" என்றான், காய்ச்சல்காரரிடம் சொல்கிற மாதிரி.

குழாயடியில் ஒருத்தி "எப்பேர்ப்பட்ட மனசு" என்றாள். இன்னொருத்தி எனக்கு உட்கார ஸ்டூல் கொண்டுவந்து போட்டாள். நான் உட்காரவில்லை.

காஞ்சனா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நம்பிவிட்டாள். அவள் கையைக் கூப்பவில்லை.

"உங்களுக்கு எப்பருந்து தெரியுமுங்க?" என்றாள்.

"நெம்ப நாளாச்சு" என்றேன்.

அவள் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் தோளைத் தொட்டு, "உள்ள வாங்க, தூங்குங்க" என்றாள். அவன் என்னிடம் இன்னொரு தடவை கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனான்.